பறிமுதலுக்குப் பிறகு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கொடுத்த தலைப்பைப் பார்த்துவிட்டு நம் சங்கச் செயலாளர் தொலைபேசியில் கேட்டார்: "ஏம்ப்பா, இன்ஜினியரைக் கூப்பிட்டா பாலம், மோட்டார், கம்ப்யூட்டர்னு பேசுவாங்க. நீ என்ன சிங்கம், கரடின்னு ஆரம்பிக்கிறே?" நியாயமான கேள்விதான். நான் பிழைப்புக்குச் செய்வது தண்ணீர் வேலை. பம்ப், குழாய், வடிகால் இவைதான் என் உலகம். அந்த வடிகால் வேலைதான் சில ஆண்டுகளுக்கு முன் என்னை ஒரு வனவிலங்கு மீட்புக் காப்பகத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. போனது பதினைந்து நாள் வேலைக்கு. ஆனால் அதற்குப் பிறகு அந்த இடம் என்னை விடவில்லை. அங்கே கற்றுக்கொண்டதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

செய்தித்தாளில் இப்படி ஒரு செய்தியை நாம் எல்லோரும் படித்திருப்போம். 2019 பிப்ரவரியில், பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரு பயணியின் பெட்டிக்குள் சிறுத்தைக்குட்டி ஒன்று இருந்தது. பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். சுங்கத் துறையினர் கைப்பற்றி, வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு அனுப்பிவைத்தார்கள். படத்தோடு செய்தி வந்தது. "நல்ல காரியம் பண்ணினாங்க" என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டோம்.

அடுத்த பக்கத்துக்குப் போகாமல் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தாய் இல்லாத ஒரு சிறுத்தைக்குட்டி. எந்த நாட்டுக் காட்டில் பிறந்தது, காட்டில்தான் பிறந்ததா, அல்லது யாரோ கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்ததா என்பதற்குச் சான்று எதுவும் அதனிடம் கிடையாது. வேட்டையாடக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. பால்புட்டியைக் கண்டதும் மனிதனிடம் ஓடிவரப் பழகிவிடும். இப்படி வளர்ந்த சிறுத்தையைக் காட்டில் விட்டால் பசிக்கும்போது அது எங்கே போகும்? ஊருக்குள்தான் வரும். பறிமுதல் செய்ய ஒரு மணி நேரம் போதும். அதன்பின் அந்த உயிரைப் பார்த்துக்கொள்ளப் பதினைந்து, இருபது வருஷம் ஆகலாம்.

நம் தொழிலில் இது தெரிந்த கதைதான். ஒரு குடிநீர்த் திட்டத்தின் திறப்பு விழாவுக்கு மேளதாளம், மாலை மரியாதை, கல்வெட்டு எல்லாம் உண்டு. மூன்று வருஷம் கழித்து வால்வு கசிகிறது என்றால் பட்ஜெட்டில் பணம் இருக்காது. ஆபரேஷன் அண்ட் மெயின்டனன்ஸ் என்ற பாடத்தை நமக்குக் கடைசி செமஸ்டரில், கடைசி யூனிட்டாக வைத்தார்கள். பலர் அதை சாய்ஸில் விட்டோம். காப்பகத்தில் அந்தக் கடைசி யூனிட்தான் முழுப் பாடப்புத்தகமே.

ஒரு விலங்கு பறிமுதல் ஆனதிலிருந்து என்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, கைப்பற்றப்பட்ட காட்டு விலங்கு அரசின் சொத்து. அதோடு அது ஒரு வழக்கில் தொண்டிப் பொருளும்கூட. கத்தி, கம்பு தொண்டிப் பொருளானால் ஒரு சீட்டு ஒட்டி அலமாரியில் பூட்டிவிடலாம். இந்தத் தொண்டிப் பொருளுக்கு மூன்று வேளையும் பசிக்கும், பேதியாகும், காய்ச்சல் வரும். வழக்கு இழுக்க இழுக்க அதை வேறிடத்துக்கு மாற்றவும், காட்டில் விடவும் நீதிமன்ற அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டும்.

முதலில் அதைத் தனிமைப்படுத்த வேண்டும். வழக்கமாக 30 நாள். கடத்தி வந்த பிராணி என்ன நோயைச் சுமந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. மனிதரோடு நெருக்கமாகக் கட்டிவைக்கப்பட்டிருந்த யானைக்கும் கரடிக்கும் நம்மிடமிருந்தே காசநோய் தொற்றியிருக்கலாம். இங்கேதான் என் வேலை வந்தது. தனிமைக் கூடத்தைக் கழுவிவிடும் தண்ணீர் மற்றக் கூண்டுகளின் பக்கம் ஒரு சொட்டுக்கூடப் போகக் கூடாது. தரையின் வாட்டம் தனி, வடிகால் தனி, கழிவுத் தொட்டி தனி. உள்ளே போகிறவர் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அங்கே பயன்படுத்தும் வாளியும் துடைப்பமும் வெளியே வரக் கூடாது. தரை வாட்டம் ஒரு அங்குலம் தவறினால் ஒரு நோய் முழுக் காப்பகத்துக்கும் பரவலாம். வாட்டம் பார்ப்பதை இவ்வளவு பயபக்தியோடு நான் வேறெங்கும் செய்ததில்லை.

அடுத்தது பூட்டும் கதவும். இரவுக் கூடத்துக்கு இரட்டைக் கதவு. ஒன்று மூடிய பிறகுதான் மற்றது திறக்க வேண்டும். உள்ளே போகாமலே வெளியிலிருந்து இழுத்துத் திறக்கும்படியாக நகரும் கதவுகள். ஊசி போட வேண்டுமானால், ஒரு பக்கச் சுவர் மெல்ல நகர்ந்து விலங்கை அசையாமல் நிறுத்தும் நெருக்குக் கூண்டு. இதெல்லாம் பெரிய ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது. நம் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் வரைந்துவிடுவார்கள். ஆனால் மழையிலும் மூத்திரத்திலும் பத்து வருஷம் துருப்பிடிக்காமல், ஒரு நாள்கூடச் சிக்கிக்கொள்ளாமல் அது ஓட வேண்டும். அங்கே இருந்த பெரியவர் ஒருவர், விலங்குகளைப் பார்த்துக்கொள்பவர், என்னிடம் சொன்னார்: "சார், நீங்க தண்ணி நிக்காம வரவும், கதவு சிக்காம ஓடவும் வழி பண்ணிக் குடுங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம்." ஒரு பொறியாளனுக்கு இதைவிடத் தெளிவான வேலைக்குறிப்பு கிடைக்காது.

அடுத்தது சாப்பாடு. ஹாஸ்டல் மெஸ் செயலாளராக இருந்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு இது நன்றாகவே புரியும். ஒரு சிங்கத்துக்கு நாளொன்றுக்கு 7 கிலோ இறைச்சி என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடுவது உயிரியல் பூங்காக்களின் வழக்கம். அந்த ஒரு நாளைக் கழித்தாலும் வருஷத்துக்கு 2 டன்னுக்கு மேல். பதினைந்து வருஷத்துக்கு 33 டன்! இது ஒரே ஒரு சிங்கத்தின் கணக்கு. யானையின் கணக்கு வேறு: நாளொன்றுக்கு 150 கிலோ தீவனம் என்றாலே வருஷத்துக்கு 55 டன். திருச்சி மாவட்டம் எம்.ஆர்.பாளையத்தில் நம் வனத்துறை யானைகளுக்கென்று ஒரு மறுவாழ்வு மையம் நடத்துகிறது. 2019-இல் தொடங்கியது. உரிய ஆவணம் இல்லாமல் தனியார் வைத்திருந்த யானைகள் அங்கே வருகின்றன. ஒரு யானையைக் கைப்பற்றும் உத்தரவில் கையெழுத்து விழும்போதே, இந்த 55 டன்னுக்கும் சேர்த்துத்தான் கையெழுத்து விழுகிறது.

"இவ்வளவு செலவு எதற்கு? காட்டில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டியதுதானே?" என்று பலர் கேட்கிறார்கள். நானும் முதல் நாள் மருத்துவரிடம் கேட்ட கேள்விதான் இது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதற்கென்றே வழிகாட்டு நெறிகள் வகுத்திருக்கிறது. 2000-இல் ஏற்றுக்கொண்டு, 2019-இல் புதுப்பித்தார்கள். அதன்படி பறிமுதலான உயிருக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, காட்டுக்குத் திரும்புவது. இரண்டு, ஆயுள் முழுக்கப் பராமரிப்பில் இருப்பது. மூன்றாவது சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. வேதனையில்லாமல் உயிரை முடித்துவிடுவது. மூன்றையும் எடைபோட்டுப் பார்க்கச் சொல்கிறது அந்த நெறி. முதல் வழி ஏன் அவ்வளவு சுலபம் இல்லை என்பதற்கு நட்சத்திர ஆமையையே எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஊர் முள்ளுக்காட்டிலும் வயல் வரப்பிலும் திரிகிற பிராணி. முதுகு ஓட்டில் நட்சத்திரம் வரைந்ததுபோல் மஞ்சள் கோடுகள். அந்த அழகே அதற்கு எமன். சாக்ஸுக்குள் திணித்து, டேப் சுற்றி, சூட்கேஸில் அடுக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். இந்த ஆமை இயற்கையாக வாழ்வது மூன்று பகுதிகளில்: இந்தியாவின் வடமேற்கும் அதை ஒட்டிய பாகிஸ்தானும், நம் தென்கிழக்குப் பகுதி, பிறகு இலங்கை. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும், நெடுங்காலமாகப் பிரிந்து வாழ்ந்த கூட்டங்கள். கடத்தல்காரன் பெட்டியில் எந்தக் கூட்டத்து ஆமை எது என்று எழுதியா ஒட்டியிருக்கிறான்? தெரியாமல் ஏதோ ஒரு காட்டில் கொட்டினால், அங்கே இருக்கும் ஆமைகளுக்கு நோய் பரவலாம். பல ஆயிரம் வருஷமாகத் தனித்து வந்த வம்சம் கலந்தும் போகலாம். அதனால் முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து உடம்பின் நீர்ச்சத்தை மீட்டு, தனிமைப்படுத்தி, பரிசோதித்து, அப்புறம்தான் மற்றது.

2018-இல் சிங்கப்பூரிலிருந்து 51 நட்சத்திர ஆமைகள் பெங்களூருக்குத் திரும்பி வந்தன. அங்கே மீட்டுப் பராமரித்தது ஏக்ரஸ் என்ற விலங்கு நல அமைப்பு. இங்கே வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ். அமைப்பும் கர்நாடக வனத்துறையும் பொறுப்பேற்றன. களவு போன பொருள் கடல் தாண்டி வீடு திரும்பியதுபோலத்தான். ஆனால் அதற்கு இரண்டு நாடுகளின் அனுமதி, மருத்துவச் சான்று, விமானம், மறுபடியும் தனிமைக் கூடம் என்று எத்தனை பேரின் உழைப்பு! 2019-இல் பன்னாட்டு வணிகத்தை முற்றிலும் தடுக்கும் சைட்டிஸ் முதல் பட்டியலில் இந்த ஆமை சேர்ந்தது. 2022-இல் நம் சட்டத்தைத் திருத்தியபோது அதிலும் முதல் அட்டவணைக்கு உயர்ந்தது. இன்று ஒரு நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருந்து பிடிபட்டால் மூன்று முதல் ஏழு ஆண்டுவரை சிறை. "வாஸ்துக்கு நல்லது" என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

அடுத்து சர்க்கஸ் சிங்கங்கள். எங்கள் வயதுக்காரர்கள் சிறுவயதில் சர்க்கஸ் கூடாரத்தில் சிங்கத்தைப் பார்த்துக் கைதட்டியவர்கள். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இந்த ஐந்தையும் பழக்கி வேடிக்கை காட்டக் கூடாது என்று 1998-இல் மத்திய அரசு அறிவித்தது. சர்க்கஸ்காரர்கள் வழக்காடினார்கள், 2001-இல் உச்ச நீதிமன்றம் அரசின் அறிவிப்பு செல்லும் என்றது. சரி, சிங்கம் எங்கே போகும்? வண்டலூர், பன்னேர்கட்டா, திருப்பதி, விசாகப்பட்டினம் போன்ற உயிரியல் பூங்காக்களை ஒட்டிக் காப்பகங்கள் அமைத்து அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அந்தச் சிங்கங்களில் மிகப் பல, ஆப்பிரிக்கச் சிங்கமும் ஆசியச் சிங்கமும் கலந்த வம்சம். கிர் காட்டுக்கும் போக முடியாது. ஆப்பிரிக்காவுக்கும் போக முடியாது. அதனால் இனப்பெருக்கத்தை நிறுத்திவிட்டு, இருக்கும் சிங்கங்கள் தங்கள் காலம் முடியும்வரை நிம்மதியாக இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். வேடிக்கை பார்க்க வரும் கூட்டம் கிடையாது, டிக்கெட் கிடையாது, குட்டி பிறந்தது என்று பெயர் சூட்டும் விழாவும் கிடையாது. பல்லுப் போன கிழச் சிங்கத்துக்கு ஒரு ஊழியர் இறைச்சியைச் சிறு துண்டாக வெட்டிப் போட்டுக்கொண்டிருப்பார். ஒவ்வொரு வருஷமும் இரண்டொரு கூண்டு காலியாகும். அந்தக் காப்பகம் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதற்கு அந்தக் காலிக் கூண்டுதான் அடையாளம்.

நண்பர்களே, இன்று நான் சொல்ல வந்த முக்கியமான விஷயமே இதுதான். கல்லூரி என்றால் வருஷா வருஷம் சேர்க்கை கூட வேண்டும். தொழிற்சாலை என்றால் உற்பத்தி கூட வேண்டும். மீட்புக் காப்பகம் மட்டும் மெல்ல மெல்லக் காலியாக வேண்டும். வருஷா வருஷம் நிரம்பி வழிகிறது என்றால் வெளியே ஏதோ ஒரு குழாய் உடைந்திருக்கிறது என்று பொருள். தொட்டியைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் போதாது. உடைந்த குழாயை அடைக்க வேண்டும்.

அடைத்துக் காட்டியும் இருக்கிறார்கள். வடக்கே கலந்தர் என்ற சமூகத்தினர் பல தலைமுறையாகக் கரடியை ஆட்டுவித்துப் பிழைத்து வந்தார்கள். தாய்க் கரடியைக் கொன்று குட்டியைப் பிடிப்பதில் ஆரம்பிக்கும் தொழில் அது. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மூக்கைத் துளைத்துக் கயிறு கோப்பார்கள், பற்களை உடைப்பார்கள். 1972-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் முப்பது வருஷம் ஆட்டம் தொடர்ந்தது. ஏன்? கரடியைப் பறித்துக்கொண்டால் அந்தக் குடும்பம் அன்றிரவு எதைச் சாப்பிடும்? இன்னொரு குட்டியைத்தான் தேடிப் போகும்.

1995-இல் தொடங்கிய வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ். அமைப்பு இந்த முடிச்சைச் சரியாகப் பிடித்தது. ஆக்ராவுக்குப் பக்கத்தில் காப்பகம் அமைத்து 2002-இல் கரடிகளை ஏற்கத் தொடங்கியபோதே, கரடியை ஒப்படைக்கும் கலந்தர் குடும்பத்துக்கு வேறு தொழில் தொடங்கப் பணம், பெண்களுக்குக் கைத்தொழில் பயிற்சி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று சேர்த்தே திட்டமிட்டார்கள். ஆறுநூற்றுக்கும் மேற்பட்ட கரடிகள் மீண்டன. 2009-இல் கடைசி ஆட்டக் கரடியும் பன்னேர்கட்டா காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. மூக்கிலிருந்த கயிற்றை எடுத்தாயிற்று. உடைந்த பல்லைத் திரும்ப வைக்க முடியாது. அதனால் அவை காட்டுக்குப் போகவில்லை. கஞ்சியும் பழமும் தின்று, மரத்தடியில் குழி பறித்துத் தூங்கி, தங்கள் காலத்தைக் கழிக்கின்றன. கயிறு கோத்த புதுக் குட்டிகள் வருவது நின்றுபோனதே பெரிய காரியம்.

இப்போது நம் கல்லூரிக்கு வருகிறேன். தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஹாஸ்டல் அறையில் மலைப்பாம்புக்குட்டி வளர்ப்பதும், தோளில் ஓணான் ஜாதி ஒன்றை உட்காரவைத்துப் படம் எடுப்பதும் இப்போது ஒரு மோகமாக இருக்கிறது. "வெளிநாட்டுப் பிராணிதானே, சட்டம் ஒண்ணும் சொல்லாது" என்பார்கள் விற்கிறவர்கள். அந்தக் காலம் போய்விட்டது. 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த திருத்தச் சட்டத்தில் சைட்டிஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிர்களுக்கும் பதிவு கட்டாயம். அதற்கான விதிகள் 2024-இல் வந்தன. சரி, சட்டத்தை விடுங்கள். நான்கு வருஷத்தில் நீங்கள் டிகிரி வாங்கிக்கொண்டு போய்விடுவீர்கள். நல்லபடி வளர்த்தால் அந்தப் பாம்பு இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். பிறகு அது எங்கே போகும்? யாராவது ஒரு காப்பகத்தின் வாசலுக்குத்தான்.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் கூண்டில் பச்சைக்கிளி வைத்திருப்பதும் குற்றமே. பலருக்குத் தெரியாது. அதற்காக இன்றைக்குச் சாயங்காலமே கூண்டைத் திறந்து மொட்டை மாடியில் விட்டுவிடாதீர்கள். இறக்கை வெட்டிய கிளி பறக்காது. பக்கத்து வீட்டுப் பூனைக்குத்தான் லாபம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள். வெட்டிய இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கும்வரை பெரிய கூண்டில் பறந்து பழகி, அப்புறம் அது வானத்துக்குப் போகட்டும்.

கடைசியாக நம் சங்கத்துக்கு. இந்த ஆண்டு சந்திப்பு நிதியில் மிச்சமாகும் பணத்தைக் கொண்டு ஏதாவது ஒரு காப்பகத்துக்கு நம் கல்லூரி பெயரில் ஒரு கூண்டு கட்டிக்கொடுக்கலாம் என்று செயற்குழுவில் ஒரு யோசனை இருக்கிறது. நல்ல மனசு. ஆனால் அந்தப் பணத்தைக் கூண்டுக்குப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கூண்டு கட்ட ஆள் கிடைப்பார்கள். கல்வெட்டில் பெயர் வருமே. ஐந்தாவது வருஷம் மோட்டார் எரிந்துபோனால் காயில் கட்ட ஆள் கிடைப்பதில்லை. குளிர்பதன அறையின் கரண்டு பில், மருந்து, கீரை, இறைச்சி, இரவுக் காவலரின் சம்பளம் இவற்றுக்குத்தான் யாரும் மாலை போடுவதில்லை. வண்டலூர் பூங்காவில் விலங்குத் தத்தெடுப்புத் திட்டம் இருக்கிறது. ஒரு விலங்கின் தீவனச் செலவை நாம் ஏற்கலாம். அத்தோடு வருஷத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் வெயிலுக்கு முன்னும், நம் சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் துறை மாணவர்கள் பத்துப் பேரும் முன்னாள் மாணவர்கள் இரண்டு பேரும் அனுமதி பெற்று ஒரு காப்பகத்துக்குப் போய், பம்ப், வடிகால், கதவு, வேலி எல்லாவற்றையும் சோதித்து ஒரு அறிக்கை கொடுத்துவிட்டு வரலாம். விலங்கோடு படம் எடுக்க முடியாது. அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். மாணவர்களுக்கு அது எந்த லேபிலும் கிடைக்காத பயிற்சி. முதல் குழுவோடு போக நான் தயார். என் பெயரை இன்றே எழுதிக்கொள்ளுங்கள்.

பத்து வருஷத்துக்கு ஒப்புக்கொண்டால் செய்வோம். ஒரு வருஷத்துக்கு மட்டும் என்றால் ஆரம்பிக்கவே வேண்டாம். அங்கே இருக்கும் உயிர்கள் ஏற்கெனவே ஒருமுறை மனிதர்களால் ஆசையாக வாங்கப்பட்டு, பிறகு கைவிடப்பட்டவை.

மதிய உணவுக்கு மணி அடிப்பதற்குள் முடித்துக்கொள்கிறேன். வெளியே மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். வர விரும்புகிறவர்கள் பெயர், துறை, படித்த ஆண்டு எழுதிவிட்டுச் சாப்பிடப் போகலாம்.